டி.ஜே.யில் இடம் கிடைத்திருக்கிறது: கல்லூரிக்காகச் சேர்க்கலாமா, கல்லூரிக்காகவே தவிர்க்கலாமா?

ஆஷ்பர்ன் அம்மா | வெள்ளி, இரவு 10:52

வடக்கு வர்ஜீனியாவில் இருக்கும் தமிழ்ப் பெற்றோரிடம் ஒரு கேள்வி. நேரமிருப்பவர்கள் விரிவாகவே எழுதுங்கள், ஒரு வரி விடாமல் படிப்பேன்.

என் மகள் எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் அரசுப் பள்ளியான தாமஸ் ஜெஃபர்சன் அறிவியல் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளியில் (டி.ஜே.) இடம் கிடைத்திருப்பதாக இந்த வாரம் மின்னஞ்சல் வந்தது. மொத்தம் 550 இடங்களில் ஒன்று. முதல் நாள் வீட்டில் ஒரே கொண்டாட்டம், கேசரி கிளறினேன். மறுநாள் அலுவலகத்தில் ஒருவரிடம் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "அங்கே அனுப்பினால் உங்கள் பெண் கூட்டத்தில் ஒருத்தியாகிவிடுவாள். பகுதிப் பள்ளியிலேயே இருந்தால் முதல் பத்துப் பேரில் வருவாள், பெரிய பல்கலைக்கழகங்கள் அப்படிப்பட்டவர்களைத்தான் எடுக்கின்றன" என்றார். அன்றிலிருந்து வயிற்றில் புளியைக் கரைக்கிறது.

என் கணவர் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கச் சொல்கிறார். எனக்கு மனம் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. யார் எந்தக் கல்லூரிக்குப் போகிறார்கள் என்று அங்கே படிக்கும் மாணவர்கள் இன்ஸ்டாகிராமில் போடும் பட்டியலைப் பார்த்தேன். அதில் போடுகிறவர்கள் போடுகிறார்கள், போடாதவர்கள் எத்தனை பேர்? அங்கே படித்த பிள்ளைகள் கடைசியில் எங்கே போனார்கள் என்பதைத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பதில் சொல்ல இன்னும் சில நாள்தான் அவகாசம்.

ஹெர்ன்டன் தந்தை | சனி, காலை 7:15

அம்மா, முதலில் உங்கள் மகளுக்கு என் வாழ்த்து. நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். என் மகன் போன ஆண்டு டி.ஜே.யில் முடித்தான்.

பதினான்கு இடங்களுக்கு விண்ணப்பித்தான். நான்கில் இடம் கிடைத்தது. மூன்றில் காத்திருப்போர் பட்டியல். மீதி ஏழும் மறுப்பு. இப்போது ஷார்லட்ஸ்வில்லில், வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கிறான். அவனோடு எப்போதும் ஒன்றாகச் சாப்பிட உட்காரும் ஐந்து பேரில் ஒருவன் மட்டும் பெயர் சொன்னால் ஊரில் எல்லோருக்கும் தெரிகிற தனியார் பல்கலைக்கழகத்துக்குப் போனான். இரண்டு பேர் என் மகனுடன் அதே இடம். ஒருத்தி வர்ஜீனியா டெக். இன்னொருவன் மேரிலாந்து. இன்ஸ்டாகிராமில் அந்த முதல் பையனின் படம்தான் உங்கள் கண்ணில் பட்டிருக்கும்.

டி.ஜே.யிலிருந்து ஆண்டுதோறும் அதிகம் பேர் போய்ச் சேருவது வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில்தான். 1985இல் மாநிலத்தின் அறிவியல் பள்ளியாக டி.ஜே. உருமாறிய காலத்திலிருந்து பழக்கமானவர்களுக்கு இதில் வியப்பே இல்லை. நம்மவர்கள் நடுவில் மட்டும் இது ஏதோ தோல்வி போலப் பேசப்படுகிறது.

மார்ச் கடைசியில் ஒரு மாலை. பல பல்கலைக்கழகங்கள் ஒரே நாளில், ஒரே நேரத்தில் முடிவை வெளியிடும். மகன் மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்தான். முதலாவது இல்லை. இரண்டாவது இல்லை. மூன்றாவதைத் திறக்கும்போது என் மனைவி அடுப்படிக்குப் போய்விட்டாள். தட்டில் ஊற்றிய சாம்பார் ஆடை கட்டிப்போய் இருந்தது. நான்காவதையும் மூடிவிட்டு அவன் நிமிர்ந்து, "அப்பா, உங்களுக்குக் கஷ்டமாக இருக்கிறதா?" என்று கேட்டான். பதினேழு வயதுப் பிள்ளை என்னைத் தேற்ற வேண்டிய நிலையில் நான் உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கும் நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. அந்தச் சுமையை அவன் தலையில் ஏற்றியது எந்தப் பல்கலைக்கழகமும் இல்லை. நான்கு ஆண்டுகளாக நான்தான் ஏற்றினேன்.

இன்னொன்றையும் சொல்கிறேன். அங்கே கடைசி ஆண்டில் ஒவ்வொரு மாணவரும் ஓர் ஆய்வகத்தில் சேர்ந்து சொந்தமாக ஆய்வு செய்ய வேண்டும். என் மகன் கடலியல் ஆய்வகம். வாரம் ஒருமுறை அக்கோடிங்க் ஓடையில் இறங்கி, குப்பிகளில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வருவான். மழை விட்ட மறுநாள் பிடித்ததில் மண் கலங்கியிருக்கும். ஒவ்வொரு குப்பியிலும் நாள், நேரம், இடம் எழுதிய வெள்ளைப் பட்டை. எங்கள் குளிர்பதனப் பெட்டியில் தோசை மாவுக்குப் பக்கத்தில் அந்தக் குப்பிகள் ஒரு குளிர்காலம் முழுக்க இருந்தன. அவன் இன்று சுற்றுச்சூழல் பொறியியல் படிப்பது அந்தக் குப்பிகளால்தான். விண்ணப்பத்தில் அதை அவன் இரண்டே வரியில் எழுதியிருந்தான்.

கல்லூரிக்காக என்றால் சேர்க்காதீர்கள். அந்த ஓடைக்காக என்றால் சேருங்கள்.

நெய்தல் | சனி, காலை 9:40

ஹெர்ன்டன் ஐயா எழுதியதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நன்றி ஐயா.

கல்விப் பொருளாதாரம் என் துறை. அதனால் ஆய்வுகள் சொல்வதை எழுதுகிறேன். அக்கா, உங்கள் அலுவலக நண்பர் சொன்னதில் உண்மை இருக்கிறது, ஆனால் பாதி உண்மை.

2005இல் தாமஸ் எஸ்பென்ஷேடும் அவருடன் இருவரும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மிகக் கடினமான தேர்வுமுறை கொண்ட பல்கலைக்கழகங்களுக்கு வந்த விண்ணப்பங்களை எடுத்துப் பார்த்தார்கள். ஒரே தரத்தில் இருக்கும் இரண்டு மாணவர்களில், கெட்டிக்காரப் பிள்ளைகள் நிறைந்த பள்ளியிலிருந்து வருபவருக்கு வாய்ப்பு சற்றுக் குறைகிறது என்று கண்டார்கள். குளத்தில் எத்தனை பெரிய தவளைகள் இருக்கின்றன என்பதைப் பொறுத்து உங்கள் தவளையின் அளவு தெரிகிறது. இதைத்தான் உங்கள் நண்பர் சொல்கிறார்.

ஆனால் அவர் ஒன்றை மறந்துவிடுகிறார். பகுதிப் பள்ளியில் இருந்தால் முதல் பத்தில் வருவாள் என்று அவர் எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்? உங்கள் லவுடன் மாவட்டப் பள்ளிகளில் இன்று இருப்பவர்களும் நம் வீட்டுப் பிள்ளைகளைப் போன்றவர்கள்தானே. அந்தக் குளமும் சிறியதில்லை.

அடுத்தது, இதைவிட முக்கியமானது. தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் பள்ளி ஒரு பிள்ளையின் எதிர்காலத்தை எவ்வளவு மாற்றுகிறது? ஜோஷுவா ஆங்ரிஸ்ட், பராக் பதக் உள்ளிட்டோர் பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் இருக்கும் நுழைவுத் தேர்வுப் பள்ளிகளை ஆராய்ந்து 2014இல் வெளியிட்டார்கள். கட்-ஆஃப் கோட்டுக்கு மயிரிழையில் மேலே இருந்து உள்ளே போன பிள்ளைகளையும், மயிரிழையில் கீழே இருந்து வெளியே நின்ற பிள்ளைகளையும் ஒப்பிடுவதுதான் முறை. இந்த இரு கூட்டத்துக்கும் திறமையில் வேறுபாடு கிடையாது, ஓரிரு மதிப்பெண்தான். உள்ளே போனவர்களின் பிற்கால மதிப்பெண்களில் பெரிய ஏற்றம் எதுவும் தெரியவில்லை. வில் டாபி, ரோலண்ட் ஃப்ரையர் இருவரும் நியூயார்க் பள்ளிகளில் கல்லூரிச் சேர்க்கை வரை தொடர்ந்து பார்த்தார்கள். அதிலும் கோட்டுக்கு மேலே இருந்தவர்களுக்குப் பெரிய நன்மை தெரியவில்லை.

இந்த ஆய்வுகள் டி.ஜே.யைப் பற்றியவை அல்ல. கோட்டின் அருகில் இருக்கும் பிள்ளைகளைப் பற்றித்தான் அவை உறுதியாகப் பேசுகின்றன. ஆனாலும் எனக்கு இதில் ஒரு தெளிவு கிடைத்தது. அந்தப் பள்ளிகளின் கல்லூரிச் சேர்க்கைப் பட்டியல் மின்னுவதற்குக் காரணம், உள்ளே நுழையும்போதே அந்தப் பிள்ளைகள் மின்னிக்கொண்டிருந்தார்கள். பட்டியலைப் பார்த்துப் பள்ளியை எடைபோட்டால் பிள்ளைகளின் எடையைப் பள்ளியின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

குவீன்ஸ் வாசி | சனி, காலை 11:05

நியூயார்க்கிலிருந்து எழுதுகிறேன். இங்கே இதுபோன்ற பள்ளிகள் ஸ்டைவசன்ட், பிராங்க்ஸ் சயின்ஸ், புரூக்ளின் டெக். ஒரே தேர்வின் மதிப்பெண்ணை வைத்துத்தான் சேர்க்கை. 1971இல் வந்த மாநிலச் சட்டம் அப்படி. என் மகள் ஸ்டைவசன்ட்.

அவள் வகுப்புப் பிள்ளைகள் பலர் ஸ்டோனி புரூக், பிங்ஹாம்டன் போன்ற மாநிலப் பல்கலைக்கழகங்களுக்குப் போனார்கள். என் மகள் நகரப் பல்கலைக்கழகத்தின் மெக்காலே ஆனர்ஸ் கல்லூரி. மாநிலத்துப் பிள்ளைகளுக்கு அங்கே படிப்புக் கட்டணமே இல்லை. நான் டாக்சி ஓட்டுகிறேன். இரவு வண்டியை விட்டுவிட்டு வந்து படுக்கும்போது கடன் நினைப்பு இல்லாமல் தூங்குகிறேன். இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் சகோதரி.

கொல்லிமலைக்காரன் | சனி, மதியம் 1:30

எல்லோரும் நல்லவிதமாக எழுதுகிறீர்கள். ஆனால் ஒரு பெரிய விஷயத்தை யாரும் தொடவில்லை. இப்போதைய டி.ஜே. பழைய டி.ஜே. அல்ல.

2020இல் நுழைவுத் தேர்வை எடுத்துவிட்டார்கள். இப்போது குறைந்தது 3.5 ஜி.பி.ஏ. (பாடங்களின் சராசரி மதிப்பெண்), எட்டாம் வகுப்புக்குள் அல்ஜீப்ரா, பிறகு கட்டுரைகள். ஒவ்வொரு அரசு மிடில் ஸ்கூலின் எட்டாம் வகுப்பு எண்ணிக்கையில் 1.5 சதவீதம் இடம் அந்தந்தப் பள்ளிக்கு ஒதுக்கீடு. புதிய முறையில் வந்த முதல் வகுப்பில் ஆசியப் பிள்ளைகள் 73 சதவீதத்திலிருந்து 54 சதவீதத்துக்கு இறங்கினார்கள். பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 2022 பிப்ரவரியில் மாவட்ட நீதிமன்றம் பெற்றோர் பக்கம் தீர்ப்பளித்தது. 2023 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்கவே மறுத்துவிட்டது.

உழைத்துப் படித்த பிள்ளைகளுக்கு அநியாயம் நடந்தது என்று நான் மனதார நம்புகிறேன். பல்கலைக்கழகங்களும் இந்தப் பள்ளியை முன்போல மதிக்கப் போவதில்லை. அதை யோசித்து முடிவெடுங்கள்.

பழைய மாணவி | சனி, மாலை 4:20

கொல்லிமலை அண்ணா, உங்கள் கோபத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. என் பெற்றோரும் அதே கோபத்தில் இருந்தவர்கள். நான் டி.ஜே.யில் தேர்வு எழுதிச் சேர்ந்து 2013இல் முடித்தவள்.

நீங்கள் சொன்ன எண்கள் சரி. அதே ஆண்டின் இன்னோர் எண்ணையும் பக்கத்தில் வையுங்கள். வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள் அதற்கு முந்தைய வகுப்பில் ஒரு சதவீதம்கூட இல்லை. புதிய முறையில் அது நான்கில் ஒரு பங்கானது. என் வகுப்பில் பயிற்சி வகுப்புக்குப் போகாமல் உள்ளே வந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். நானே இரண்டு கோடைகாலம் போனேன், அப்பா அதற்காகக் கூடுதல் வேலை பார்த்தார். கட்டணம் கட்ட முடியாத வீட்டில் பிறந்த, என்னைவிடக் கெட்டிக்காரப் பெண் ஒருத்தி என் மிடில் ஸ்கூலில் இருந்தாள். அவள் விண்ணப்பிக்கவே இல்லை. இந்த 1.5 சதவீத முறை அப்போது இருந்திருந்தால் அவள் பெயர் முதலில் வந்திருக்கும். உங்களுக்கு நடந்தது அநியாயம் என்றால் அவளுக்கு நடந்ததற்கு என்ன பெயர் வைப்பது? இதில் எளிய விடை இல்லை என்பதுதான் என் எண்ணம்.

பல்கலைக்கழகங்கள் மதிக்கின்றனவா என்ற கேள்விக்கு வருகிறேன். நான் படித்தபோது மாணவர்கள் சேர்ந்து ஒரு சிறிய செயற்கைக்கோள் கட்டினார்கள். 2013 நவம்பரில் வாலப்ஸ் தீவிலிருந்து அது விண்ணுக்குப் போனது. உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் கட்டி ஏவப்பட்ட முதல் செயற்கைக்கோள் அதுதான். நான் அந்தக் குழுவில் இல்லை, பக்கத்து அறையில் இருந்தேன். உள்ளங்கையில் அடங்கும் பெட்டி போல மேசையில் இருந்ததைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்திருக்கிறேன். ஒரு சீனியர் மாணவி கையுறை போட்டுக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி ஒரு திருகை முடுக்கிக்கொண்டிருந்தாள். பெரியவர்கள் செய்கிற காரியம் என்று நான் நினைத்திருந்ததை என்னைவிட ஓரிரண்டு வயது மூத்தவள் செய்துகொண்டிருந்தாள். அன்றைக்கு எனக்குள் ஏதோ திறந்துகொண்டது.

கல்லூரி விஷயத்தில் நான் மாநிலத்துக்குள்ளேயே படித்தேன். இப்போது வேலைக்கு ஆள் எடுக்கும் நேர்காணல்களில் உட்காருகிறேன். எந்தப் பள்ளி என்று ஒருவரிடமும் நாங்கள் கேட்டதில்லை.

ஆஷ்பர்ன் அக்கா, ஒரே ஒரு எச்சரிக்கை. புதன், வெள்ளி இரண்டு நாளும் எட்டாவது பிரிவேளை சங்கங்களுக்கும் செயல்பாடுகளுக்கும் உரியது. அதில் பிள்ளை தனக்குப் பிடித்ததைச் செய்யட்டும். நான் விண்ணப்பத்துக்கு அழகாக இருக்குமென்று நான்கு சங்கங்களில் பெயர் கொடுத்து, ஏ.பி. என்ற கல்லூரி நிலைப் பாடங்களையும் அளவுக்கு மீறி எடுத்துக்கொண்டு, ஓர் ஆண்டு முழுக்க ஐந்து மணி நேரம்தான் தூங்கினேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை, நானாகச் செய்துகொண்டது. அந்த ஆண்டில் படித்த ஒரு பாடம்கூட இன்று நினைவில் இல்லை.

கொல்லிமலைக்காரன் | சனி, மாலை 5:02

தங்கச்சி, நான் இன்னும் உடன்படவில்லை. தேர்வும் வேண்டும், ஏழைப் பிள்ளைக்குப் பயிற்சியும் வேண்டும் என்பதே என் பக்கம். ஆனால் அந்தப் பெண்ணைப் பற்றி நீங்கள் எழுதியதை என் மனைவியிடமும் படித்துக் காட்டினேன்.

கணக்கு வாத்தியார் | சனி, இரவு 8:45

நான் மேரிலாந்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் இருபத்தொரு ஆண்டு கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவன். எத்தனையோ பரிந்துரைக் கடிதங்கள் எழுதியிருக்கிறேன். விண்ணப்பம் எப்படிப் படிக்கப்படுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பயம் பாதி போய்விடும்.

மதிப்பெண் பட்டியலோடு பள்ளியைப் பற்றிய ஒரு குறிப்புத் தாளையும் பள்ளியின் கவுன்சலர் (மாணவர் ஆலோசகர்) அனுப்புவார். அந்தப் பள்ளியில் என்னென்ன பாடங்கள் உண்டு, மதிப்பெண் எப்படிக் கணக்கிடப்படுகிறது, மாணவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். விண்ணப்பத்தைப் படிப்பவர் முதலில் பார்ப்பது, இந்தப் பிள்ளை தன் பள்ளியில் கிடைத்ததை எவ்வளவு பயன்படுத்திக்கொண்டது என்பதைத்தான். ஏ.பி. ஐந்து பாடம் மட்டும் இருக்கும் பள்ளியில் ஐந்தையும் எடுத்த பிள்ளைக்கு அதற்குரிய மதிப்பு உண்டு. டி.ஜே.யில் கால்குலஸைத் தாண்டி லீனியர் அல்ஜீப்ரா, மல்டிவேரியபிள் கால்குலஸ் எல்லாம் இருக்கின்றன. அங்கே அந்த அளவுகோல் நீளும். உங்கள் மகள் ஒன்பதாம் வகுப்பில் எந்தக் கணிதத்தில் நுழைகிறாள் என்று பாருங்கள். எல்லோரும் ஓடுகிறார்கள் என்று அவளையும் இரண்டு படி தாண்டவைக்காதீர்கள். அடிப்படை ஆட்டம் காணும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பின்ன எண்களில் தடுமாறிக்கொண்டே டிஃபரன்ஷியேஷன் செய்வார்கள். சூத்திரம் தெரியும், ஏன் என்று தெரியாது.

தர வரிசை எண்ணைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். டி.ஜே. மாணவர்களுக்கு வரிசை எண் தருவதில்லை. டெக்சாஸில்தான் அது தலையெழுத்தையே முடிவு செய்யும். 1997இல் போட்ட சட்டத்தின்படி அங்கே ஒவ்வொரு பள்ளியிலும் தர வரிசையில் முன்னிற்கும் மாணவர்களுக்கு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி. அந்த ஊரில் நீங்கள் இருந்தால் உங்கள் அலுவலக நண்பர் சொன்னதை நானும் சொல்லியிருப்பேன். வர்ஜீனியாவில் அப்படிச் சட்டம் இல்லை.

பல்கலைக்கழகங்கள் எதற்கு எவ்வளவு எடை கொடுக்கின்றன என்று அறிய, ஒவ்வொன்றும் ஆண்டுதோறும் வெளியிடும் காமன் டேட்டா செட் என்ற ஆவணத்தைத் தேடிப் படியுங்கள். அதில் சி7 என்ற பகுதியில் பாடங்களின் கடினம், மதிப்பெண், கட்டுரை, பரிந்துரை, முன்னாள் மாணவர் உறவு என ஒவ்வொன்றுக்கும் எதிரே எவ்வளவு முக்கியம் என்று குறித்திருப்பார்கள். ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு ஆலோசகர் ஒருவர் என் உறவினருக்குச் சொன்னது முழுவதும் அந்த ஒரு பக்கத்தில் இலவசமாக இருந்தது.

வர்ஜீனியாவில் இன்னொரு நல்ல காரியம் நடந்திருக்கிறது. முன்னாள் மாணவர் பிள்ளை, நன்கொடையாளர் பிள்ளை என்று அரசுப் பல்கலைக்கழகங்கள் சலுகை காட்டக் கூடாது என்று 2024இல் சட்டம் வந்தது, அந்த ஜூலையிலிருந்து நடைமுறை. புலம்பெயர்ந்து வந்த நமக்கு இங்கே தாத்தா படித்த கல்லூரி கிடையாது. இந்தச் சட்டத்தை நான் இரண்டு முறை படித்தேன், அவ்வளவு மகிழ்ச்சி.

நெய்தல் | சனி, இரவு 9:30

வாத்தியார் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃப்ரீட்மன் மூவரும் 2023இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வில் ஒரே மதிப்பெண் இருந்தாலும் மிகப் பணக்கார ஒரு சதவீதக் குடும்பத்துப் பிள்ளைகள் ஹார்வர்ட், யேல் போன்ற இடங்களில் சேருவது நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளைவிட இரு மடங்குக்கும் மேல் என்று காட்டினார்கள். மாநிலங்களின் முதன்மை அரசுப் பல்கலைக்கழகங்களில் அந்தச் சாய்வு இல்லை. நம் பிள்ளைக்கு மறுப்பு வரும்போது அவளிடம் என்ன குறை என்று தேடத் தொடங்கிவிடுகிறோம். குறை அவளிடம் இல்லாமலே மறுப்பு வரும் இடங்கள் அவை.

வைகைக்கரை | ஞாயிறு, காலை 6:50

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா என்று யோசித்து யோசித்து இப்போது எழுதுகிறேன். நல்ல முடிவு வந்தவர்கள்தான் இங்கே பேசுகிறோம் என்று தோன்றியது.

என் மகனும் இதுபோலத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் ஓர் அரசுப் பள்ளிக்குப் போனான். பெயர் வேண்டாம். பத்தாம் வகுப்பு முடிவில் பகுதிப் பள்ளிக்கே திரும்பிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை மாலை ஆனால் வயிறு வலிக்கிறது என்பான். மருத்துவரிடம் காட்டினோம், எல்லாப் பரிசோதனையும் செய்தோம், ஒன்றுமில்லை என்றார்கள். ஒருநாள் இரவு அவன் அறையில் விளக்கு எரிந்தது. உள்ளே போனேன். வீட்டுப்பாடத் தாளில் ஒரே கணக்கை ஆறு முறை போட்டு ஆறு முறையும் அடித்திருந்தான். தாள் கிழிந்து மேசை தெரிந்தது. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன், எதற்கென்று தெரியவில்லை.

திரும்பி வந்தபோது கோவிலில், பொங்கல் விழாவில், எல்லா இடத்திலும் "ஏன் எடுத்துவிட்டீர்கள்?" என்ற கேள்வி. ஊர் வாயை மூட முடியுமா? ஓராண்டு நான் விழாக்களுக்கே போகவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்து நோவா என்ற இரண்டாண்டு சமுதாயக் கல்லூரியில் சேர்ந்தான். வீட்டிலிருந்து போய்வந்தான், பகுதி நேரமாக ஒரு கடையில் வேலையும் பார்த்தான். அங்கே குறிப்பிட்ட மதிப்பெண்ணோடு பட்டம் முடித்தால் மாநிலப் பல்கலைக்கழகங்களில் உறுதியாக இடம் தரும் ஒப்பந்தம் உண்டு. இரண்டு ஆண்டு கழித்து வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டில் சேர்ந்தான். ஹெர்ன்டன் ஐயா, உங்கள் மகன் நடக்கிற அதே புல்வெளியில்தான் அவனும் நடக்கிறான். முதல் இரண்டு ஆண்டுக்கு எங்களுக்கு ஆன செலவு மிகமிகக் குறைவு.

ஆஷ்பர்ன் அம்மாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் பதிவில் கணவர் சொன்னது இருக்கிறது, அலுவலக நண்பர் சொன்னது இருக்கிறது. மகள் சொன்னது ஒரு வரிகூட இல்லை. தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நானும் அன்றைக்கு மகனிடம் கேட்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன்.

ஹெர்ன்டன் தந்தை | ஞாயிறு, காலை 8:10

வைகைக்கரை அம்மா, நீங்கள் எழுதியது மிகப் பெரிய காரியம். பொங்கல் விழாவில் அப்படிக் கேட்டவர்களில் நானும் ஒருவனாக இருந்திருக்கலாம். வேறொரு குடும்பத்திடம் அதே கேள்வியை நான் கேட்டது நினைவிருக்கிறது. இன்று அவர்களைத் தொலைபேசியில் அழைக்கப் போகிறேன்.

பணத்தைப் பற்றியும் யாராவது வெளிப்படையாகப் பேச வேண்டும். பெயர் பெற்ற தனியார் பல்கலைக்கழகங்களில் உணவு, விடுதி எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 90,000 டாலரைத் தொட்டுவிட்டது. ஐ.டி. சம்பளம் வாங்கும் நம்மைப் போன்றவர்களுக்கு உதவித்தொகை அதிகம் கிடைக்காது, கையிலும் அவ்வளவு இருக்காது. மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ அதில் பாதி. என் மகனுக்கு இடம் கொடுத்த நான்கில் ஒன்று அத்தகைய தனியார் இடம்தான். அதை விட்டுவிட்டுத்தான் ஷார்லட்ஸ்வில்லுக்குப் போனான். உறவினர்களிடம் இதைச் சொல்லும்போது முதலில் குரல் தாழ்ந்தது. இப்போது தாழ்வதில்லை.

ஆஷ்பர்ன் அம்மா | ஞாயிறு, இரவு 11:20

வைகைக்கரை அக்கா, தவறாக எடுத்துக்கொள்ளவே இல்லை. உங்கள் பதிவைப் படித்தபோது கண் கலங்கிவிட்டது. மாலையில் மகளை அழைத்துக்கொண்டு நடக்கப் போனேன். அவளிடம் கேட்டேன்.

பத்து நிமிடம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "பஸ் காலையில் எத்தனை மணிக்கு வரும்?" ஏழு மணிக்கு முன்பே கிளம்ப வேண்டியிருக்கும் என்றேன். "சாயந்திரம் வயலின் வகுப்புக்கு நேரம் இருக்குமா?" வாரத்தில் ஒரு நாள்தான் முடியும் என்றேன். யோசித்தாள். "ஒன்பதாம் வகுப்பில் உயிரியலையும் ஆங்கிலத்தையும் தொழில்நுட்பத்தையும் சேர்த்து ஒரே ஆய்வாகச் செய்ய வேண்டும் என்று போட்டிருக்கிறார்கள் அம்மா, அதைச் செய்ய ஆசையாக இருக்கிறது. ஆனால் என் சிநேகிதிகள் எல்லோரும் நம் மாவட்டத்து அறிவியல் பள்ளி லவுடன் அகாடமிக்குப் போகிறார்கள்." பிறகு மெதுவாக, "நான் அங்கே போய் சுமாராகப் படித்தால் நீங்கள் வருத்தப்படுவீர்களா?" என்றாள்.

ஹெர்ன்டன் ஐயாவின் சாம்பார் தட்டு என் கண் முன் வந்து நின்றது. நடைபாதையிலேயே நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வருத்தப்பட மாட்டேன் என்றேன். அப்படிச் சொல்வது எளிது, அதன்படி நான்கு ஆண்டு இருப்பது எனக்கு எளிதாக இருக்காது என்றும் சொன்னேன். அவள் சிரித்தாள்.

பழைய மாணவி | திங்கள், காலை 7:30

அக்கா, அவள் கேட்ட கேள்விகளைப் பார்த்தாலே போதும், யோசிக்கத் தெரிந்த பெண். லவுடன் அகாடமியும் நல்ல இடம்தான். 2018இல் புதுக் கட்டடத்துக்கு வந்த பிறகு அங்கேயும் மாணவர் ஆய்வுக்கு நிறைய இடம் கொடுக்கிறார்கள். வீட்டுக்கும் அருகில். அது கிடைத்திருந்தால் இரண்டையும் ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு அவளே சொல்லட்டும்.

ஆஷ்பர்ன் அம்மா | வியாழன், இரவு 9:15

எல்லோருக்கும் நன்றி. முடிவைச் சொல்லாமல் விட்டால் மரியாதை இல்லை என்று எழுதுகிறேன்.

இரண்டு இடத்தையும் பார்த்தோம். டி.ஜே.யில் சேருகிறாள். ஏற்புப் பொத்தானை அவளே அழுத்தினாள். என் கணவருக்கு மகிழ்ச்சி. ஆனால் அவரோடு ஒரு பேச்சு பாக்கி இருந்தது, நேற்று இரவு பேசி முடித்தோம். பதினொன்றாம் வகுப்பு முடியும்வரை இந்த வீட்டில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரையும் நாங்கள் முதலில் எடுக்க மாட்டோம். மகள் எடுத்தால் பேசலாம். அவருக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. ஒரு மாதம் பார்க்கலாம் என்றிருக்கிறார்.

பத்தாம் வகுப்பு முடியும்போது அவளுக்குப் பிடிக்கவில்லை என்றால் பகுதிப் பள்ளிக்கு வந்துவிடலாம் என்றும் சொல்லியிருக்கிறேன். வைகைக்கரை அக்கா, உங்கள் பெயரைச் சொல்லாமல் உங்கள் மகனின் கதையை அவளிடம் சொன்னேன். "அந்த அண்ணா இப்போது நன்றாக இருக்கிறாரா?" என்று கேட்டாள்.

இனி நடைமுறைக் கேள்வி. சங்கங்கள் முடிந்து தாமதமாகக் கிளம்பும் நாட்களில் ஆஷ்பர்ன், பிராம்பிள்டன் பக்கம் யாராவது பிள்ளைகளை ஏற்றிவர முறை வைத்திருக்கிறீர்களா? செவ்வாயும் வியாழனும் நான் போக முடியும். என் வண்டியில் நான்கு பிள்ளைகளை ஏற்றலாம்.

வைகைக்கரை | வியாழன், இரவு 9:48

நன்றாக இருக்கிறான் என்று சொல்லுங்கள். இந்த வார இறுதியில் வீட்டுக்கு வருகிறான். முதல் வேலையாகக் கொழுக்கட்டை வேண்டுமாம், அரிசி ஊறவைத்திருக்கிறேன். பிராம்பிள்டனில் எனக்கு இரண்டு குடும்பங்களைத் தெரியும், அவர்களிடம் கேட்டுவிட்டு நாளை எழுதுகிறேன்.